மீதிக் கயிறு

பெரியவர்களுக்குத் துக்கம் வந்தால் நாம் அழச் சொல்கிறோம். சாவு வீட்டில் கண்ணீர் வராமல் விறைத்து உட்கார்ந்திருப்பவளைத் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுடும்மா, நெஞ்சை அடைச்சுக்கும்" என்று கெஞ்சுகிறோம். ஒப்பாரி என்று அதற்கொரு கலையையே வளர்த்து வைத்திருக்கிற ஜனங்கள் நாம். ஆனால் குழந்தைக்குத் துக்கம் வந்தால் மட்டும், "ஒண்ணுமில்லேடா கண்ணு, மறந்துடு" என்று சொல்லிக் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து விடுகிறோம். குழந்தை பிஸ்கட்டைத் தின்கிறது. மறந்துவிட்டது என்று நாமும் நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போய்விடுகிறோம்.

இரவில் அது அலறிக்கொண்டு எழுந்தால், "பயந்த கோளாறு" என்று சொல்லி வேப்பிலை அடிக்கிறோம், விபூதி போடுகிறோம், இடுப்பில் தாயத்துக் கட்டுகிறோம். இதையெல்லாம் நான் பரிகசிக்கவில்லை. விபூதி பூசுகிற கையில் ஒரு சூடு இருக்கிறது. பாட்டியின் மடியில் படுத்து மந்திரம் கேட்கிற குழந்தைக்கு, நம்மைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது என்ற தைரியம் வருகிறது. இருட்டுக்கும் நாய்க்கும் இடிக்கும் பயந்த பயமெல்லாம் அதிலேயே தீர்ந்தும் போகிறது.

அதில் தீராத பயம் ஒன்று உண்டு. அந்தப் பயத்துக்கு ஒரு முகம் இருக்கும். அந்த முகத்துக்கு ஒரு வீடும், வீட்டுக்கு ஒரு கதவு எண்ணும் இருக்கும். பல சமயங்களில் அந்த முகத்தைக் குழந்தை 'மாமா' என்றோ 'அண்ணன்' என்றோ கூப்பிட்டுப் பழகியிருக்கும். நடந்ததற்கு மறுநாளும் அது வாசலில் வந்து நின்று, "என்ன பாப்பா, சாப்டியா?" என்று விசாரிக்கும்.

அந்தப் பயத்துக்கு என்ன வைத்தியம்?

நான் வைத்தியன் அல்ல. கல்லூரியில் இரண்டு வருஷம் காலம் தள்ளிவிட்டு, அப்புறம் கதை எழுதியே ஜீவனம் நடத்துகிறவன். இந்தக் கேள்வியை என்னிடம் போட்டது கடலூர் சிப்காட் பக்கத்து ஊர் ஒன்று.

கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ் ஏறி, முதுநகரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் இடது கைப்பக்கம் தொழிற்பேட்டை ஆரம்பமாகிவிடும். 1980களில் வந்த பேட்டை. பெரும்பாலும் ரசாயனத் தொழிற்சாலைகள். அவற்றின் முதுகுப் பக்கமாக உப்பனாறு ஓடுகிறது. குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி, சங்கொலிகுப்பம் என்று சுற்றிலும் ஊர்கள். ஒரு தலைமுறைக்கு முன் நிலத்திலும் ஆற்றிலும் பிழைத்த குடும்பங்களில் பலபேர் இன்று காண்டிராக்டரின் கீழ் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள். அப்பா ராத்திரி ஷிப்டு, அம்மா பகல் ஷிப்டு. நடுவில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார்? பக்கத்து வீடு. எதிர் வீடு. 'நம்ம மனுஷன்' என்று நம்பிய எவரோ ஒருவர்.

அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். கதையெல்லாம் சொல்லி முடித்துப் புறப்படும்போது, முப்பது வயசு மதிக்கத் தக்க ஓர் அம்மாள் வந்து அறிமுகம் செய்துகொண்டாள். ஒரு சேவை ஸ்தாபனத்தில் குழந்தைகளுக்கு மன ஆலோசகராக இருக்கிறவளாம்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? நம்ம கதையிலேயும் சினிமாவிலேயும் இந்த மாதிரி அடிபட்ட பொண்ணுங்க எல்லாம் கடைசியிலே கெணத்துலே விழுந்துடறாங்க. இல்லேன்னா ரயில்லே. எங்ககிட்டே வர்ற புள்ளைங்க சாகறதில்லே சார். ஆறாம் வகுப்பு படிக்கிறாங்க. அரைப் பரீட்சை எழுதறாங்க. கணக்குலே பெயிலாகறாங்க. அவங்களைப் பத்தி யாரு எழுதறது?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லி விடுகிறேன். இதில் ஒரு குழந்தை வரும். அதன் அம்மாவும் வருவாள். அந்தக் குழந்தை ஒரு குழந்தை அல்ல. இரண்டு மூன்று குழந்தைகளின் சாயலை ஒன்றாகக் கலந்திருக்கிறேன். ஊரும் வயதும் மாற்றியிருக்கிறேன். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் மனிதன் என்று இருப்பவன் செய்ய வேண்டியதும் அதுதான்.

கடலூர்க்காரர்களுக்குக் குழந்தைகளின் மனக்காயம் என்பது புதிதல்ல. 2004 டிசம்பர் 26-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் எழுந்து வந்து தேவனாம்பட்டினத்தையும் சோனாங்குப்பத்தையும் கிள்ளைப் பக்கத்துக் குப்பங்களையும் அடித்துப் போயிற்று. அந்த ஜில்லாவில் மட்டும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கென்று கடலூரில் அரசு ஓர் இல்லம் திறந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலிருந்து நிபுணர்கள் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து, உள்ளூர்த் தொண்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், பயந்த குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று பயிற்சி கொடுத்தார்கள். மனசுக்கும் முதலுதவி உண்டு என்பது இந்தக் கரையோர ஜனங்களுக்கு அப்போதுதான் தெரிய வந்தது.

ஆனால் அந்த ஆலோசகர் அம்மாள் சொன்ன ஒரு வித்தியாசம் என்னை உலுக்கிவிட்டது.

"சுனாமியிலே அடிபட்ட புள்ளையோட சேர்ந்து ஊரே அழுதுச்சு சார். கலெக்டர் வந்தார், மந்திரி வந்தார். 'உன் தப்பில்லே'ன்னு யாரும் அந்தப் புள்ளைக்குச் சொல்ல வேண்டியே இருக்கலே. கடல் பண்ணினதுன்னு அதுக்கே தெரியும். இந்தப் புள்ளைங்களுக்கு வர்ற அலை அவங்களுக்கு மட்டும்தான் வருது. பக்கத்துலே படுத்திருக்கிற அம்மா மேலே ஒரு சொட்டுத் தண்ணி படறதில்லே."

அந்த அலை எத்தனை குழந்தைகள்மேல் வந்து போகிறது? 2007-ல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் பதின்மூன்று மாநிலங்களில் 12,000-க்கு மேற்பட்ட குழந்தைகளை விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் 53 சதவிகிதம் குழந்தைகள், ஏதோ ஒரு விதத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பையன்கள்! செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவே இல்லை. அந்தப் பதின்மூன்றில் தமிழ்நாடு இல்லை. அதனால் நாம் தப்பித்தோம் என்று நினைக்கிறவர்கள், பக்கத்திலிருக்கும் கேரளமும் ஆந்திரமும் அதில் இருந்தன என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்தக் குழந்தை. ஒன்பது வயசுப் பெண். அம்மா ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் கிடந்தபோது, அதே லைன் வீட்டில் நாலு கதவு தள்ளிக் குடியிருந்த ஒருவன் இருபதாயிரம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தான். வட்டி கூட வாங்கவில்லை. குழந்தை அவனை 'மாமா' என்று கூப்பிட்டது. அம்மா ஷிப்டு முடிந்து வரும்வரை அவன் வீட்டில் டெலிவிஷன் பார்க்கும். மேற்கொண்டு நான் விவரிக்கப் போவதில்லை. படுக்கையை நனைப்பது எப்போதோ நின்றுபோன குழந்தை மறுபடியும் நனைக்க ஆரம்பித்தது. தலை பின்னிவிடப் போனால் அம்மாவின் கையையே தட்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாதி நாள் வயிற்றுவலி. கடைசியில் வகுப்பு டீச்சர் ஒருத்திக்குச் சந்தேகம் தட்டி, அவள் வாயிலாக விஷயம் வெளியே வந்தது. போலீஸில் வழக்குப் பதிவாயிற்று. அந்த மனிதன் இப்போது சிறையில் இருக்கிறான்.

கதை இங்கே முடிந்தது என்றுதான் நாம் நினைப்போம். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். ஆலோசகரிடம் குழந்தையை முதல் தடவை அழைத்து வந்தபோது, அவள் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று.

"இதெ மறக்கடிக்க ஒரு வழி பண்ணிக் குடுங்கம்மா. மாத்திரை இருந்தாலும் பரவாயில்லே."

மாத்திரை இல்லை. சில குழந்தைகளுக்குத் தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ மனநல டாக்டர் மருந்து கொடுப்பதுண்டு. நினைவை அழிக்கிற மருந்து இல்லை. ஆலோசகர் செய்யப் போவது மறக்கடிக்கும் வேலைக்கு நேர்மாறானது என்று அந்தத் தாய்க்கு எப்படிச் சொல்வது?

அந்த அறையை நான் பார்த்தேன், குழந்தைகள் யாரும் இல்லாத நேரத்தில். ஒரு பாய், கிரேயான் பென்சில்கள், துணிப் பொம்மைகள், மூலையில் மரத்தட்டு ஒன்றில் கடற்கரை மணல். மணலில் குட்டி வீடு, பசு, போலீஸ்காரன், பாம்பு எல்லாம் கிடந்தன.

"இது எதுக்கும்மா?" என்றேன்.

"பேச வராத புள்ளைங்க இதுலே பேசும் சார்."

இந்த மணல் தட்டுக்குப் பின்னால் ஒரு கதாசிரியர் இருக்கிறார் என்பது என்னைப் போன்றவனுக்குக் கொஞ்சம் கர்வம் தரும் சங்கதி. காலயந்திரத்தைக் கற்பனை செய்த ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ், தம் பிள்ளைகளோடு தரையில் பொம்மைகளைப் பரப்பி ஊர்களும் தீவுகளும் கட்டி விளையாடியதைப் பற்றி 1911-ல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் லண்டன் டாக்டர் மார்கரெட் லோவன்ஃபெல்ட், 1920களின் கடைசியில், தம்மிடம் வந்த குழந்தைகளுக்கு மணல் தட்டும் பொம்மைகளும் கொடுத்து, "உன் உலகத்தைச் செய்து காட்டு" என்று விட்டுவிட்டார். 1947-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்ற அம்மையார், விளையாட்டையே வைத்தியமாகச் செய்வது எப்படி என்று நூல் எழுதினார். குழந்தையை முடுக்காதே, அதன் பின்னாலேயே போ என்பதுதான் அவர் முறையின் சாரம். பெரியவர்கள் வாயால் செய்வதைக் குழந்தை கையால் செய்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

நம் ஒன்பது வயசுக்காரி முதல் மூன்று தடவையும் பேசவில்லை. ஆலோசகரும் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூச்சு விடப் பழக்கினாள். "பூவை மோந்து பாரு... இப்ப மெழுகுவத்தியை ஊதி அணை." வெறுங்கையில் இல்லாத பூ; எதிரே இல்லாத மெழுகுவத்தி. பயம் வரும்போது உடம்பை அடக்க ஒரு உபாயம் கையில் இருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பயத்தின் பக்கத்தில் போகலாம். பிறகு, உணர்ச்சிகளுக்குப் பெயர் வைக்கிற விளையாட்டு. கோபம், வெட்கம், பயம், அருவருப்பு. "கோபம் உன் உடம்பிலே எங்கே இருக்கு?" என்று கேட்டதற்குக் குழந்தை யோசித்து, "தொண்டையிலே" என்றதாம்.

இந்த வரிசைக்கு ஒரு சாஸ்திரம் இருக்கிறது. ஜூடித் கோஹன், அந்தோணி மன்னரினோ, எஸ்தர் டெப்லிங்கர் என்ற மூன்று அமெரிக்க நிபுணர்கள் வகுத்த முறை அது. சாதாரணமாகப் பன்னிரண்டு முதல் பதினாறு சந்திப்புகள். குழந்தைக்கு மட்டும் அல்ல, அதன் தாய்க்கோ தகப்பனுக்கோ கூடவே தனியாகப் பாடம் உண்டு. முதலில் பாதுகாப்பு, பிறகு மூச்சு, பிறகு உணர்ச்சியின் பெயர்கள், பிறகு எண்ணங்களைச் சோதிப்பது, அப்புறம்தான் நடந்ததைச் சொல்வது. கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்கென்று இருக்கிற முறைகளில் மிக அதிகமாகச் சோதித்துப் பார்க்கப்பட்டவற்றில் இது ஒன்று.

எண்ணங்களைச் சோதிப்பது என்றேனே, அதில்தான் அடைப்பு இருந்தது. நாலாவதோ ஐந்தாவதோ சந்திப்பில் குழந்தை மெல்லச் சொல்லிற்று: "நான்தான் மிஸ் மிட்டாய் வாங்கிக்கிட்டேன்."

மிட்டாய் வாங்கிக்கொண்டேன், அதனால் நடந்ததெல்லாம் என் குற்றம். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அது ஒரு வருஷமாகத் தொண்டையில் வைத்துக்கொண்டு வயிற்றுவலி என்று சொல்லியிருக்கிறது! மறந்துவிடு, மறந்துவிடு என்று நாம் அதற்கு உபதேசம் பண்ணியிருந்தால் நடந்தது மறந்திருக்காது. இந்தத் தீர்ப்பு மட்டும் யாரும் அப்பீல் செய்யாமல் நிலைத்துப் போயிருக்கும்.

ஆலோசகர் அதோடு வாதாடவில்லை. "உங்க கிளாஸ்லே ஒண்ணாங் கிளாஸ் பாப்பா ஒண்ணு மிட்டாய் வாங்கிச்சுன்னா, அதை அடிக்கலாமா?" என்று கேட்டாள். "கூடாது." "ஏன்?" "அது சின்னப் பாப்பா." "நீ?" குழந்தை ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மணலில் இருந்த பாம்பை எடுத்துத் தட்டுக்கு வெளியே வைத்தது.

இதற்கப்புறம் வந்தது கயிறு. ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்து நிபுணர்கள், போரில் அடிபட்டவர்களுக்கென்று உண்டாக்கிய முறையிலிருந்து எடுத்துக்கொண்டது. தரையில் ஒரு கயிற்றைப் போடுவார்கள். ஒரு முனை பிறந்த நாள். அங்கிருந்து கயிற்றோரமாக, நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ, கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். பிறகு அந்த வாழ்க்கையை ஆரம்பத்திலிருந்து கதையாகச் சொல்லச் சொல்லி, ஆலோசகர் எழுதிக்கொள்வார். அடுத்த தடவை அதை வாசித்துக் காட்டி, விட்டுப்போனதைச் சேர்ப்பார்கள். சொல்லச் சொல்ல, இப்போது நடக்கிற மாதிரி பயமுறுத்திக்கொண்டிருந்தது, அப்போது நடந்த ஒன்றாக மாறி, தேதி போட்ட கதையாகப் பின்னால் போய் உட்காருகிறது.

சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில், போரும் அலையும் சேர்ந்து அடித்த 31 தமிழ்க் குழந்தைகளுக்கு இதைச் செய்து பார்த்தார்கள். செய்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஒரு பாதிக்கு இந்தக் கதை சொல்லும் முறை. மறுபாதிக்குத் தியானமும் உடல் தளர்வும். ஆறு ஆறு சந்திப்புகள்தான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 81 சதவிகிதமும், இரண்டாவதில் 71 சதவிகிதமும் தேறியிருந்தார்கள். 2009-ல் வெளியான முடிவு இது. சிறிய ஆய்வுதான், இரண்டு முறைகளுமே பலன் தந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கயிறு மந்திரக் கயிறு அல்ல. ஆனால் அக்கறையுள்ள ஒரு மனிதர், ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, குழந்தையோடு ஆறு தடவை உட்கார்ந்தால் அதற்கு அர்த்தம் இருக்கிறது.

இதே இலங்கையில், மட்டக்களப்பில், 1996-லேயே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்று ஆரம்பித்தார்கள். தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் சேர்ந்து வந்து, களிமண் பிசைந்து, படம் வரைந்து, கதை கட்டி நடித்தார்கள். வெளியே யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது.

வாசகர்களில் சிலர் கேட்கலாம். "ஆறின புண்ணைக் கிளறுவானேன்? போலீஸில் சொன்னாள், டாக்டரிடம் சொன்னாள், கோர்ட்டில் சொல்லப் போகிறாள். இன்னும் எத்தனை தடவை அந்தக் குழந்தை சொல்ல வேண்டும்?" நியாயமான கேள்வி. பத்துப் பேர் பத்துத் தடவை கேட்பது வைத்தியம் அல்ல. அது இன்னொரு கொடுமை. அதனால்தான் 2012-ல் வந்த போக்சோ சட்டம், குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும், வாங்குகிற அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, கூடியவரை பெண் சப்-இன்ஸ்பெக்டராக இருக்க வேண்டும் என்றெல்லாம் விதித்திருக்கிறது. கோர்ட்டில் எதிரி குழந்தையின் கண்ணில் படக்கூடாது. வழக்கு முடிகிற வரை கூட நிற்க ஒரு துணை நபரை நியமிக்கவும் விதிகளில் இடம் உண்டு. தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம்.

விசாரணையில் குழந்தை பிறருக்காகச் சொல்கிறது. வைத்திய அறையில் தனக்காகச் சொல்கிறது. எப்போது நிறுத்துவது என்பது அதன் கையில் இருக்கிறது. நிறுத்து என்று சொன்னால் நிற்கிற ஒரு பெரியவரை அது முதன்முதலாகப் பார்ப்பதே பாதி மருந்து.

ஆனால் இவ்வளவையும் ஒரு வார்த்தையில் பாழாக்கிவிட ஊரால் முடியும். ஏழாவது சந்திப்புக்கு அம்மா குழந்தையை அழைத்து வரவில்லை. லைன் வீட்டில் பேச்சு கிளம்பிவிட்டது. "வாங்கின கடனைக் குடுக்க முடியாம ஆளை உள்ளே வச்சுட்டா" என்று ஒருத்தி. "பொட்டப் புள்ளையை இப்படி ஊர் சிரிக்க இழுத்துக்கிட்டுத் திரியறாளே" என்று ஒருத்தி. வேலை இடத்தில் ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஆலோசகர் வீடு தேடிப் போனபோது, அவள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

இங்கே எனக்கு ஒரு கடலூர்க்காரர் ஞாபகம் வருகிறது. மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்த ஜெயகாந்தன். 1966-ல் ஆனந்த விகடனில் அவர் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' கதை தமிழ்நாட்டையே இரண்டு பட வைத்தது. மழையில், காரில், முன்பின் தெரியாத ஒருவனால் கெட்டுப்போனதாக உலகம் சொல்லக்கூடிய ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள். முதலில் அலறிய தாய் சமாளித்துக்கொண்டு, அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதை அங்கே முடிகிறது. பிறகு அதே விஷயத்தை வைத்து அவரே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலை எழுதினார். 1972-ல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அதில் தாய் சமாளித்துக்கொள்ளவில்லை. அவள் போட்ட கூச்சலில் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அண்ணன் வீட்டை விட்டு விரட்டுகிறான். அடைக்கலம் கொடுத்த மாமாவின் கண்ணும் சரியில்லை. அதே பெண், அதே மழை, அதே கார். தாயின் வாயிலிருந்து வந்தது மட்டும் வேறு. வாழ்க்கையே வேறாகப் போய்விட்டது.

மனோதத்துவ நிபுணர்கள் ஆராய்ந்து சொல்லும் பெரிய உண்மைகளில் இதுவும் ஒன்று: குழந்தை தேறுவதும் தேறாமல் போவதும், நடந்தது என்ன என்பதை மட்டும் பொறுத்ததல்ல, சொன்னபோது தாய் நம்பினாளா, பக்கத்தில் நின்றாளா என்பதையும் பெரிதும் பொறுத்தது. ஒரு கதாசிரியர் அதை இரண்டு முடிவுகளாக எழுதிக் காட்டிவிட்டார். இன்றைய ஆலோசகர் ஒருவேளை அந்தத் தாயிடம், "தண்ணீர் கூட வேண்டாம் அம்மா, அவள் அழுக்காகவே இல்லை" என்று சொல்லக் கூடும். அந்தத் தாய் சமாளித்துக்கொண்டாளே, அதற்காக நான் இன்றும் அவளுக்கு நமஸ்காரம் பண்ணுகிறேன்.

நம் சிப்காட் தாயையும் ஒருத்தி வந்துதான் வழிக்குக் கொண்டுவந்தாள். ஆலோசகர் அல்ல, பக்கத்து ஊர்க்காரி, ஐம்பது வயசு தாண்டியவள். 2004-ல் இந்தப் பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்து ஜனங்கள் சிலர் ஒரு காரியம் செய்தார்கள். அதுவரை, "இங்கே மூச்சு முட்டுகிறது, நாற்றம் தாங்கவில்லை" என்று அவர்கள் முறையிட்டால், "நாற்றம் என்றால் என்ன நாற்றம்? என்ன ஆதாரம்?" என்று கேள்வி வரும். அவர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு, எந்த நாளில், எந்த மணிக்கு, எந்த நாற்றம் என்று நோட்டுப் போட்டு எழுதினார்கள். அழுகின முட்டை நாற்றம், நகப்பூச்சு நாற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். ஒரு வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ரசாயனங்களின் பெயர் வரிசையாக அச்சாகி வந்தது. பிரச்னை அன்றோடு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், 'உனக்கு அப்படித் தோணுது' என்று இனி யாரும் அவர்களிடம் சொல்ல முடியாது.

அந்தக் காலத்தில் நோட்டுப் போட்டு எழுதினவர்களில் ஒருத்தி அவள். அடுப்படியில் போய் உட்கார்ந்து அவள் சொன்னாளாம்: "நாத்தம்னு சொன்னா, மூக்கைப் பொத்திக்கிட்டுப் போடீன்னுதான் எங்களையும் சொன்னாங்க. பொத்திக்கிட்டே இருந்தா நாத்தம் போயிடுமா? உம்மவ பேரு சொல்லிட்டா. நீ அவ வாயெப் பொத்தாதே."

மறு வாரம் அம்மா ஷிப்டு மாற்றி வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த இருபதாயிரத்தை மகளிர் குழுவில் கடன் வாங்கி அவன் வீட்டாரிடம் எறிந்துவிட்டு வந்தாள். எனக்கு இந்த இடம் ரொம்ப முக்கியமாகப் படுகிறது. கடன் தீர்ந்த பிறகுதான் அவளால் நிமிர்ந்து உட்கார முடிந்தது. அம்மா நிமிர்ந்ததைப் பார்த்த பிறகுதான் குழந்தை கயிற்றருகே உட்கார்ந்தது. மன வைத்தியத்துக்குக் கூலியும் கடனும் சம்பந்தமில்லாத விஷயங்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்படி ஓர் அறையும் ஆலோசகரும் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைத்துவிடுவதில்லை. ஆனால் முதல் வைத்தியம் நம்மிடம் இருக்கிறது. அதற்குப் படிப்பு வேண்டாம். குழந்தை வந்து சொன்னால், முகத்தை மாற்றிக்கொள்ளாமல் கேட்பது. "நான் நம்புகிறேன்" என்பது. "உன் தப்பு இல்லை" என்பது. "நீ சொன்னது நல்லதாப் போச்சு" என்பது. மேற்கொண்டு தூண்டித் துருவாமல், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுவது. ஊரைக் கூட்டாமல் இருப்பது. யாருக்கும் தெரியாமல் பஞ்சாயத்துப் பேசி முடிக்காமலும் இருப்பது.

கயிறு போட்ட நாளைப் பற்றி அந்தத் தாயே என்னிடம் சொன்னாள்.

"பூவு வைக்க எம்மவளுக்கு என்ன சார் இருக்கப்போவுதுன்னு நெனச்சேன். ஏழு பூவு வச்சா. சிதம்பரம் தேருக்குப் போனதுக்கு ஒண்ணு. ஆட்டுக்குட்டிக்கு ஒண்ணு. நான் மறந்தே போயிட்டேன் சார், ஒரு நாளு மழையிலே பஸ்ஸு இல்லாம அவளெ இடுப்பிலே தூக்கிக்கிட்டு வந்தேன். அதுக்கு ஒண்ணு வச்சிருக்கா."

"கல்லு?"

"பெரிய கல்லா ஒண்ணு எடுத்தா. வச்சா. அப்புறம் எடுத்துட்டு, அதெவிடச் சின்னதா ஒண்ணு வச்சா."

பத்து வயசு என்ற இடத்தில் பூவும் கல்லும் முடிந்துவிட்டன. அதற்கு மேல் கயிறு சுருளாகக் கிடந்தது. அதை விரிக்கிற வழக்கம் இல்லை; இனி வரப்போகிற நாட்கள் அவை. குழந்தை அந்தச் சுருளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மிஸ், இந்த மீதிக் கயிறை வச்சு ஸ்கிப்பிங் ஆடலாமா?" என்று கேட்டதாம்.

அந்த முறையை உண்டாக்கிய ஜெர்மன் நிபுணர்கள் இதற்கு என்ன பதில் சொல்லியிருப்பார்களோ, எனக்குத் தெரியாது. நம் ஆலோசகர் கயிற்றை எடுத்துக் கொடுத்துவிட்டாள். வேறு புதுக் கயிறு வாங்க வேண்டியதாயிற்று என்று சொல்லிச் சிரித்தாள். வழக்கு கடலூரில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. குழந்தை இந்த வருஷம் அரைப் பரீட்சை எழுதியிருக்கிறது. கணக்கில்தான் மார்க்கு குறைச்சல்.